தாம்பாளத்தில் இனோயத்தின் பக்கம்

பலாவ் சோறு குவித்த பீங்கான் தாம்பாளத்தை விரிப்பின் நடுவில் வைக்கும்போது ஒய்னிசா அதை அப்படியே விட்டுவிட மாட்டாள். கட்டைவிரலை விளிம்பில் கொடுத்துக் கால் சுற்று திருப்புவாள். பார்க்கிறவர்களுக்குத் தட்டு ஆடாமல் உட்காரச் செய்கிறாள் என்று தோன்றும். அவள் மகள் இனோயத்துக்கு மட்டும்தான் அதன் அர்த்தம் தெரியும். இறைச்சித் துண்டுகள், வெந்த முழுப் பூண்டு, செம்மறி வால் கொழுப்பு எல்லாம் அடுக்களையிலேயே குவியலின் ஒரு சரிவில் அடுக்கப்பட்டிருக்கும். அந்தச் சரிவு வந்து நிற்கிற பக்கத்தில் அண்ணன் தோக்தசின் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான். முப்பத்தைந்து வருஷமாக இனோயத் இதைப் பார்த்துவருகிறாள். வேற்று வீட்டுக்குப் போனால் ஒய்னிசா தொழுகைத் திசை எது என்று விசாரித்துக்கொள்வாள். மகன் இருக்கும் திசையை அவள் யாரிடமும் கேட்டதில்லை.

அவளைக் குறை சொல்வதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான முதல் நான்கு வருஷத்தில் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் பல் முளைக்கும் முன்பே போய்விட்டன. மூன்றாவது பிறந்தபோது அவர்கள் ஊரான குவாவில் அந்தத் தெருவே கூடி அதற்குத் தோக்தசின் என்று பெயர் வைத்தது. நிற்கட்டும் என்று பொருள். அப்படிப் பெயர் வைத்தால் பிள்ளை தங்கும் என்பது வழக்கம். தோக்தசின் தங்கினான். ஆனால் வெறும் பெயரை நம்பிக் கைகட்டி உட்கார ஒய்னிசா தயாராக இல்லை. பெயர் கதவு என்றால் சோறுதான் தாழ்ப்பாள் என்று முடிவு செய்துகொண்டாள்.

மூன்று வருஷம் கழித்து இனோயத் பிறந்தாள். நாலேகால் கிலோ. பிரசவம் பார்த்தவள் தூக்கிக் காட்டும்போதே சிரித்துவிட்டாள்: "இதைப் பொறந்த பிள்ளைன்னு சொல்லாத ஒய்னிசா, வீட்டுக்குக் குடி வந்த ஆளுன்னு சொல்லு."

அன்றைக்கே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மகன் நோஞ்சான், மகள் குண்டு. அதற்குப் பிறகு இரண்டு உடம்புகளும் எத்தனையோ மாறின. தீர்ப்பு மாறவில்லை.

இதில் வேடிக்கை, ஒய்னிசா பாலர் பள்ளிச் சமையற்காரி. முப்பத்தொரு வருஷம் தொண்ணூறு பிள்ளைகளுக்கு அளந்து போட்டவள். அழுகிற பிள்ளைக்கும் சிரிக்கிற பிள்ளைக்கும் ஒரே அகப்பை சூப். அதிகாரி மகன் கிண்ணத்திலும் வாசல் கூட்டுகிறவள் மகன் கிண்ணத்திலும் கஞ்சி ஒரே கோட்டில் நிற்கும். ஒய்னிசாவின் அகப்பைக்குக் கண் கிடையாது என்று ஊரில் நல்ல பெயர். வீட்டுக்கு வந்ததும் வெள்ளை மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். நியாயத்தையும் அதே ஆணியில்தான் மாட்டினாள்.

வீட்டில் தோக்தசினைத் துரத்திக்கொண்டு கிண்ணமும் கையுமாக அவள் பாதாமி மரத்தைச் சுற்றுவாள்.

"ஒரு வாய் கண்ணு, ஒரே ஒரு வாய். இது அப்பாவுக்கு. இது மாமாவுக்கு. இது தாஷ்கண்ட் போற ரயிலுக்கு!"

அப்பா, மாமா, ரயில், எதிர்வீட்டு ஆடு என்று எல்லோர் கணக்கிலும் அவன் சாப்பிட்டாக வேண்டும். அதற்கும் வாய் திறக்காவிட்டால் ஒய்னிசா மரத்தடியில் நீட்டிப் படுத்துவிடுவாள்.

"நீ சாப்பிடலையா, சரி, நான் செத்துப்போறேன். பாரு, செத்துட்டேன்."

பையன் அலறிக்கொண்டு வாயைத் திறப்பான். செத்தவள் எழுந்து ஊட்டுவாள்.

இனோயத் யாரையும் சுற்ற விட்டதில்லை. வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் வருமா என்று பார்ப்பாள். அதுதான் அவள் செய்த குற்றம்.

"போதும்டி. பொம்பளப் பிள்ளை. நாளைக்குக் கல்யாணத்தன்னிக்கு உன்னைக் கதவு வழியாக் கூட்டிட்டுப் போகணுமா, சுவரை இடிச்சுக் கூட்டிட்டுப் போகணுமா?"

அண்ணனுக்கு ஊட்டல், கெஞ்சல், சாவு. தங்கைக்கு ஒரே சொல், போதும். அல்வாப் பெட்டிக்கு ஒரு பூட்டு உண்டு. அது யாருக்காகத் தொங்குகிறது என்பதில் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுவதற்கு ஒரு சட்டம் உண்டு. அவரவர் தன் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. இனோயத் சட்டத்தை மீறியதில்லை. ஏழு வயதிலேயே அவள் வேறொரு வழி கண்டுபிடித்திருந்தாள். தன் பக்கத்துச் சோற்றை அடிவாரத்திலிருந்து தோண்டிக்கொண்டே போவாள். பள்ளம் ஆழமானதும் மேலே இருக்கும் இறைச்சி தானாகவே சறுக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து விழும். தானாக வந்ததை எடுப்பதில் என்ன பிழை? ஒய்னிசா இதைக் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. அதன் பிறகு துண்டுகளைச் சோற்றில் அழுத்திச் செருக ஆரம்பித்தாள்.

அப்பா மமசொலி பஸ் ஓட்டுநர். சாப்பாட்டு வேளையில் யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பேசிக்கொண்டே இருக்கும்போது அவர் விரல்கள் சோற்றுக்கு அடியில் ஒரு துண்டைத் தள்ளிக்கொண்டு வரும். அது இனோயத்தின் எல்லைக்குள் வந்து முளைக்கும். அவர் பேச்சு மட்டும் மழையைப் பற்றியே இருக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் இறந்தார். மழையைப் பற்றிப் பேச அதற்குப் பின் அந்த வீட்டில் ஆள் இல்லை.

இனி போன வருஷத்துக் கதை.

அப்போது தோக்தசினுக்கு நாற்பத்துநான்கு வயது. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியன். நூற்றுப் பன்னிரண்டு கிலோ. மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதுவான். பிள்ளைகள் ஓடுவார்கள். குனிகிற பயிற்சிகளை வாயால் சொல்லிக் கொடுப்பான். நல்ல மனிதன். மாணவர்களை அடித்ததில்லை, பிடிக்க முடிந்ததும் இல்லை. அவனோடு அம்மா வீட்டிலேயே இருக்கும் மனைவி குல்சாரா தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஒரே மகள் தாஷ்கண்டில் படிக்கிறாள்.

இனோயத் எட்டாவதோடு பள்ளியை விட்டு ஊசியைப் பிடித்தவள். இரண்டு தெரு தள்ளி வீடு. கணவன் ரஷ்யாவில் கட்டட வேலை. நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தில் குனிந்து குனிந்து நாணல் தட்டை மாதிரி ஆகிவிட்டாள். ஐம்பத்து நான்கு கிலோ. ஆனால் வியாழக்கிழமை பலாவுக்கு அம்மா வீட்டுக்கு வந்தால், நான்காவது கவளத்தில் அந்தச் சொல் வந்துவிடும்.

"போதும் இனோயத். உடம்பைப் பாத்துக்க."

எந்த உடம்பை என்று அவள் கேட்டதில்லை. பொதுவாகவே அவள் எதையும் கேட்கிறவள் அல்ல.

அண்ணனுக்கோ இன்னும் ஊட்டல்தான். ஒய்னிசா சோற்றையும் கொழுப்பையும் தட்டின் விளிம்பில் வைத்து நான்கு விரலால் அழுத்தி உருட்டி, கையை அவன் வாய்க்கு நேராக நீட்டுவாள். ஒருவர் கையால் ஊட்டும் கவளத்தை மறுப்பது முகத்தில் அடிப்பதற்குச் சமம். பெற்றவள் கை என்றால் கேட்கவே வேண்டாம். தோக்தசின் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பான்.

"அத்தை, அவருக்கு நாளைக்கு மருத்துவப் பரிசோதனை இருக்கு," என்று குல்சாரா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அதான் நல்லா சாப்பிடணும்கிறேன். வெறும் வயித்தோட டாக்டர்கிட்ட போனா பயந்துட மாட்டானா?"

"வெறும் வயித்தோடதான் வரச் சொல்லியிருக்காங்க."

"சம்பளம் வாங்குறவன் ஆயிரம் சொல்லுவான். நீ டீயை ஊத்து."

போன வருஷம் வசந்தத்தில் தோக்தசின் இனோயத்தின் வீட்டுக்கு ஒரு கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். இடுப்பைப் பிடித்துத் தைக்க வேண்டும் என்றான். அண்ணனின் கால்சட்டைகளை இருபது வருஷமாக அவள்தான் தைக்கிறாள். இருபது வருஷமாக ஒவ்வொரு முறையும் பிரித்து விட்டிருக்கிறாளே தவிர பிடித்ததே இல்லை. அளவு நாடாவைச் சுற்றினாள். முந்தைய வருஷத்தைவிடப் பதினொரு சென்டிமீட்டர் குறைவு. நாடாவை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அவன் அதற்குள் மூன்றாவது செம்பு தண்ணீரைக் குடித்து முடித்திருந்தான்.

"அண்ணே, டயட் இருக்கீங்களா?"

"அந்த வீட்டுலயா?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "இனோயத், அம்மாகிட்ட சொல்லாத. சர்க்கரை. பரிசோதனையில வந்துருச்சு. எக்கச்சக்கமா இருக்காம். மைதானத்துல எனக்கு இப்ப ரெண்டு பந்து தெரியுது. எதை உதைக்கச் சொல்றதுன்னு தெரியல."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"இப்படியே சாப்பிட்டா முதல்ல கண்ணு போகும். அப்புறம் காலு. அப்புறம் ஆளு."

"அப்ப சாப்பிடாதீங்க!"

"வியாழக்கிழமை அந்தக் கை வாய்க்கு நேரா வரும்போது வேணாம்னு சொல்லு பாக்கலாம். நீ சொல்லுவியா?"

இனோயத் நாடாவைச் சுருட்டி வைத்தாள். அவளுக்கு நேராக அந்தக் கை வந்ததில்லை என்பதை அவன் மறந்துபோயிருந்தான்.

மூன்று நாள் அந்தக் கால்சட்டையைத் தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். அம்மாவிடம் சொன்னால் அண்ணன் பிழைப்பான். சொல்லாவிட்டால் கண்ணிலிருந்து ஆரம்பிக்கும். அதில் அவளுக்குக் குழப்பம் இல்லை. குழப்பம் வேறு இடத்தில் இருந்தது. அந்தக் கை அண்ணன் வாய்க்குப் போகாமல் பாதியில் நிற்பதை நினைத்துப் பார்த்தபோது அவளுக்குள் ஏதோ ஒன்று லேசாக மகிழ்ந்தது. அவளே அதைப் பார்த்துவிட்டாள். அதனால்தான் மூன்று நாள் ஆயிற்று.

நான்காவது நாள் போய்ச் சொன்னாள்.

ஒய்னிசா அழவில்லை. அடுப்பிலிருந்த கேரட்டைக் கிளறினாள்.

"எனக்குத் தெரியும். முற்றத்துல நடந்து வரும்போதே பார்த்தேன். பிள்ளை இளைச்சுட்டான். கழுத்து எலும்பு தெரியுது."

நூறு கிலோ மனிதனின் கழுத்தில் எலும்பைக் கண்டுபிடிக்கக்கூடியவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

"அதனாலதான்மா, இனிமே அவருக்கு..."

"சர்க்கரை எதனால வருது?"

இனோயத் விழித்தாள்.

"குளிர்ச்சியால வருது. நாள் பூரா பச்சைத் தண்ணியாக் குடிக்கிறான், தர்பூசணி தின்னுறான், மைதானத்துல காத்து. ரத்தம் குளிர்ந்துபோச்சு. குளிர்ச்சிக்கு என்ன மருந்து? சூடு. சீனி இனி இந்த வீட்டுக்குள்ள வராது, சத்தியம். அவனுக்குச் சூட்டுப் பண்டம்தான்."

சொன்னபடி செய்தாள். அன்றைக்கே சீனி டப்பாவை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். ஜாம் பாட்டில்கள் நிலவறைக்குப் போயின. ரொட்டியில் பாதியை நிறுத்தினாள். தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் பிள்ளைக்கு ஒரு சிட்டிகை சீனி உள்ள போக விடமாட்டேன்," என்று சொன்னாள். குல்சாராவுக்கே கண் கலங்கிவிட்டது. தோக்தசின் அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பிறகு ஒய்னிசா சந்தைக்குப் போய்க் கற்கண்டு வாங்கி வந்தாள்.

கற்கண்டு சீனி அல்ல. அது மருந்து. குவாவில் வயிற்று வலிக்கும் இருமலுக்கும் பிரசவித்தவளுக்கும் பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கும் கற்கண்டுதான். சூட்டுப் பண்டங்களிலேயே ராஜா அது. தேன் நிறத்தில், நூலில் கோத்து, முட்டை முட்டையாகத் தொங்கும். காலையும் மதியமும் மாலையும் தோக்தசினின் கிண்ணத்தில் ஒரு கட்டியைப் போட்டு மேலே கொதிக்கக் கொதிக்கத் தேநீரை ஊற்றினாள். நீ ஊற்றாதே, உனக்கு அளவு தெரியாது என்று மருமகளை ஒதுக்கிவிட்டாள். பச்சைத் தண்ணீர் நின்றது. அவனுக்குத் தாகம் எடுக்க எடுக்க அந்தத் தேநீரே வந்தது. குடித்தால் இன்னும் தாகம் எடுத்தது. மருந்து வேலை செய்கிறது என்று ஒய்னிசா சொன்னாள்.

தோக்தசினுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். நாக்கு இருக்கிறது அல்லவா. அவன் பின்னால் ஒருநாள் தங்கையிடம் சொன்னான்: "இனிப்பாத்தான் இருந்தது. ஆனா அம்மா சீனியே நிறுத்திட்டாங்களே, அப்ப வேற ஏதோன்னு இருந்துட்டேன்." உடற்பயிற்சிக் கல்லூரியில் நான்கு வருஷம் படித்தவன்.

முதல் வாரமே இனோயத் பார்த்துவிட்டாள். வியாழக்கிழமை அண்ணனின் கிண்ணத்தைக் கழுவ எடுத்தபோது அடியில் கரையாத துண்டு மின்னியது.

"அம்மா, இது கற்கண்டுதானே?"

"ஆமா. மூணு வேளைக்கும் ஒண்ணு. ஏன்?"

"கற்கண்டும் சீனிதானேம்மா."

ஒய்னிசா திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகத்தான் சொன்னாள்.

"சின்ன வயசுலேருந்து அவன் வாயையே எண்ணிக்கிட்டு இருக்கே. நாப்பது வயசாகியும் விடலையா? நோயாளிடி அவன். நோயாளி வாய்ல போறதைப் பார்த்துமா உனக்குப் பொறுக்கல?"

கிண்ணம் அவள் கையிலிருந்து விழவில்லை. கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். அம்மா சொன்னதில் பாதி உண்மை இருந்தது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் இனோயத் சண்டை போட்டிருப்பாள். வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு இரண்டு வாரம் தையல் வேலை நிறைய இருப்பதாகச் சொல்லிப் போகவில்லை. உண்மையில் அந்த இரண்டு வாரமும் அவள் ஒரே ஒரு மெத்தை உறைதான் தைத்தாள்.

மூன்றாவது வியாழக்கிழமை மதியம் குல்சாரா போன் செய்தாள்.

தோக்தசின் விரிப்பின் முன்னால் உட்கார்ந்தபடியே சாய்ந்திருந்தான். வாயில் வைத்த கவளம் மெல்லப்படாமல் அப்படியே இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரோ பக்கத்து வீட்டில் கூப்பிடுவது மாதிரி மெதுவாகக் கண்ணைத் திறந்து மூடினான். தூக்கி வண்டியில் ஏற்ற ஐந்து பேர் வேண்டியிருந்தது. ஒய்னிசா கூடவே ஓடினாள். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் தேநீர்க் கிண்ணம். வழியில் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இளம் வயது டாக்டரம்மா ஒருத்தி காகிதத்தைப் பார்த்தாள், நோயாளியைப் பார்த்தாள், திரும்பவும் காகிதத்தைப் பார்த்தாள்.

"என்ன சாப்பிட்டாரு இவரு?"

"கடும் பத்தியம் டாக்டரம்மா," என்று ஒய்னிசா முன்னால் வந்தாள். "மூணு வாரமா ஒரு சிட்டிகை சீனி கிடையாது. ஜாம் கிடையாது. ரொட்டி பாதிதான். பெத்தவ நான், என் கண் முன்னாலதான் சாப்பிட்டான். தெருவுல யாரை வேணா கேளுங்க."

"சீனி இல்லாம இந்த அளவு வராதும்மா. காத்துலேருந்தா வந்துச்சு? எதுன்னு தெரியாம நான் என்ன சொல்லி வீட்டுக்கு அனுப்புறது? திரும்பவும் இதேதான் நடக்கும். அடுத்த தடவை இங்க கொண்டுவர்ற வரைக்கும் தாங்க மாட்டாரு."

"சத்தியமாச் சொல்றேன்..."

இனோயத் சுவரோரம் நின்றிருந்தாள். வெளி ஆட்கள் முன்னால் பேசுவதென்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். துணி கொடுக்க வருகிறவர்களிடம்கூட அளவை எழுதிக் காட்டுகிறவள். கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் அண்ணனின் பெரிய பாதங்கள் தெரிந்தன. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

"கற்கண்டு," என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள்.

"கற்கண்டு குடுத்தாங்க. டீயில. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. முட்டை சைஸ்ல. மூணு வாரமா."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

"அம்மா, கற்கண்டு எதுலேருந்து செய்யறாங்க?"

"அது சூட்டுப் பண்டம்," என்றாள் ஒய்னிசா.

"எதுலேருந்து செய்யறாங்கன்னு கேட்டேன்."

முப்பத்தொரு வருஷம் அடுப்படியில் நின்றவள். கற்கண்டு எப்படிக் காய்ச்சுவார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இரண்டும் ஒன்று என்பதை அவள் ஒருநாளும் ஒரே நேரத்தில் நினைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். கையிலிருந்த கிண்ணத்தை ஜன்னல் திண்டில் வைத்தாள்.

"சீனியிலேருந்து," என்றாள்.

ஒன்பது நாள் அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். அந்த ஒன்பது நாளும், அதற்குப் பிறகு இரண்டு வாரமும் ஒய்னிசா மகளிடம் பேசவில்லை. இனோயத் வீட்டுக்கு வந்தால் குல்சாராவைப் பார்த்துப் பேசுவாள்: "காட்டிக் குடுத்தவளுக்கு டீ வேணுமான்னு கேளு." குல்சாரா கேட்பாள். இனோயத் வேண்டும் என்பாள். தேநீர் வரும். இப்படியாகப் பேச்சு நடந்தது.

ஆனால் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த காகிதத்தை ஒய்னிசா பிடித்துக்கொண்டாள். எத்தனை கிராம் சோறு, எத்தனை கிராம் இறைச்சி, எத்தனை மணிக்கு. காகிதம் என்றால் அவளுக்குப் பழக்கம். பரணிலிருந்து தராசை இறக்கித் துடைத்தாள். வெள்ளை மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு தோக்தசின் கெஞ்சினாலும் நூற்றைம்பது கிராமுக்கு மேல் ஒரு பருக்கை விழவில்லை.

"அம்மா, ஒரு கரண்டி..."

"காகிதத்துல இல்ல."

"பெத்த பிள்ளைம்மா நான்."

"தொண்ணூறு பிள்ளையைப் பாத்தவ நான். உக்காரு."

நாற்பத்துநான்கு வருஷத்தில் முதல்முறையாக அவனுக்கு நியாயமான அளவு கிடைத்தது. அவனுக்கு அது பிடிக்கவேயில்லை.

அவன் வீடு திரும்பிய பிறகு வந்த இரண்டாவது வியாழக்கிழமை ஒய்னிசா பலாவ் வைத்தாள். தோக்தசினுக்கு மட்டும் தனித் தட்டில், அளந்து. மற்ற மூவருக்கும் தாம்பாளம். எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒய்னிசா சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது முறை கை தானாகவே சோற்றையும் கொழுப்பையும் விளிம்பில் அழுத்தி, உருட்டி, தோக்தசின் பக்கம் நீண்டுவிட்டது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. கைக்கு அந்த வழிதான் தெரியும்.

தோக்தசின் கவளத்தைப் பார்த்தான். வாய் பாதி திறந்தது. பிறகு மூடினான்.

"வேணாம்மா," என்றான்.

அந்த வீட்டில் அப்படி ஒரு சொல்லை அதுவரை யாரும் கேட்டதில்லை. கை அந்தரத்தில் நின்றது. இனோயத் வாரக்கணக்காக நினைத்துப் பார்த்த காட்சி அதுதான். நேரில் பார்க்கும்போது மகிழ்ச்சி வரவில்லை. அம்மாவின் கைதான் தெரிந்தது. விரல் இடுக்கில் எண்ணெய் வழிந்து முழங்கை வரை இறங்கியது.

உருட்டிய கவளத்தைத் திரும்பத் தட்டில் போடக் கூடாது. படியளக்கிறவனை அவமதித்ததாகும். ஊட்ட எடுத்ததைத் தானே தின்பதும் வழக்கம் இல்லை. அது யாராவது ஒருவர் வாய்க்குப் போயாக வேண்டும். ஒய்னிசா சுற்றிப் பார்த்தாள். குல்சாரா தலையைக் குனிந்துகொண்டாள். மருமகளுக்கு ஊட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கை மெதுவாக வளைந்து எதிர்ப்பக்கம் வந்தது.

இனோயத்துக்கு வாயை எவ்வளவு திறக்க வேண்டும் என்று தெரியவில்லை. கொஞ்சமாகத் திறந்தாள். பாதி உள்ளே போயிற்று, பாதி மடியில் விழுந்தது.

"நல்லாத் தொறக்க மாட்டியா? இதுகூடத் தெரியாதா?" மூன்று வாரத்துக்குப் பிறகு அம்மா அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. "மெல்லு. மெதுவா மெல்லு."

அவள் மென்று விழுங்கினாள்.

"போதும்," என்றாள் ஒய்னிசா.

சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் நின்றாள். தோக்தசின்தான் முதலில் சிரித்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். குல்சாரா தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒய்னிசாவுக்கு என்ன சிரிப்பு என்று புரியவில்லை. மடியில் விழுந்த சோற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்த மகளின் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டைத் தன் விரல்களால் சுற்றினாள். கட்டைவிரல் நடுவிரலைத் தாண்டிப் போயிற்று.

"இது என்னடி? எப்பலேருந்து இப்படி இருக்கே?"

இருபது வருஷமாக என்று சொல்லியிருக்கலாம். இனோயத் அண்ணனைப் பார்த்தாள், அம்மாவின் எண்ணெய்க் கையைப் பார்த்தாள்.

"கொஞ்ச நாளாத்தான்மா," என்றாள்.

அது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. தோக்தசின் எண்பத்தொன்பது கிலோ. காலையும் மாலையும் ஊசி போட்டுக்கொள்கிறான். இப்போது ஒரே பந்துதான் தெரிகிறது, பத்திரிகை படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். மைதானத்தில் நாற்காலி இன்னும் இருக்கிறது. சில நாள் அவன் அதைச் சுற்றி நடக்கிறான். ஒய்னிசா அவன் சோற்றைத் தராசில் நிறுக்கிறாள். என் மகள் இந்த ஒரு வருஷத்தில் பாதியாய் இளைத்துவிட்டாள் என்று தெருவில் சொல்லி வருத்தப்படுகிறாள். வியாழக்கிழமைகளில் இனோயத்துக்கு மூன்று கவளம் ஊட்டுகிறாள், மூன்றாவதன் முடிவில் போதும் என்று சொல்கிறாள். இனோயத் ஐம்பத்தாறு கிலோ. அம்மாவும் மகளும் இப்போது நன்றாகவே பேசிக்கொள்கிறார்கள். கற்கண்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.